பரணில் இருக்கும் பரிசு

ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? வளையல் கடைகளுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் நடுவே பொம்மைக் கடைகள் விரிந்து கிடக்கும். தகப்பனின் தோளில் உட்கார்ந்து வரும் குழந்தையின் கை நீளாத பொம்மைக் கடையே இராது. அப்படி அழுது வாங்கிய பொம்மை எத்தனை நாள் விளையாட்டில் இருக்கும்? மூன்று மாதம் இருந்தால் அதிகம். பிறகு கட்டிலுக்கு அடியில், அதன்பின் பரணில், கடைசியில் பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டியில். 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவி வந்தவரின் வழியில் வந்தவர்தான் அவரும்.

அந்த வண்டியிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போகும் பொம்மைக்கு இன்னொரு வாழ்வு உண்டா? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவர் இளங்கலை இயற்பியல் பயிலும் ஒரு மாணவர். வீட்டில் விசைத்தறிக் கூலிதான் வருமானம். அக்காள் மகனுக்கு முதற் பிறந்தநாள். தாய்மாமன் வெறுங்கையோடு போகலாமா? புதுப் பொம்மைக்குக் கையில் காசில்லை. பழைய சாமான் கடையில் மரத்தாலான ஒரு ரயில் வண்டி கிடைத்தது. மஞ்சளும் சிவப்புமாய் வண்ணம். பெட்டிகளைக் கோக்கக் காந்தம். எஞ்சினில் பாட்டுப் பாடும் ஒரு சிறு கருவி. பாட்டு மட்டும் பாடவில்லை. விலையோ புதியதன் கால் பங்குகூட இல்லை. "இதைக் கொடுக்கலாமா, சார்? பழசைக் கொடுத்தான் என்று பேச்சு வருமோ?" என்று கேட்டார்.

பேச்சு வருமா என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. ஆனால் கொடுக்கலாமா என்பதற்கு விடை உண்டு. ஒரு பொருள் பழையது என்பதாலேயே அது தீயதாகிவிடுவதில்லை. பழையதாகும்போது அதில் எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி. அந்த ரயிலை மேசைமேல் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். நீங்களும் உங்கள் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்தாம் அவை. வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

முதற் சோதனை: ஓர் அட்டையும் ஒரு துளையும்

தவழும் குழந்தைக்குக் கையைவிட வாய்தான் சிறந்த ஆய்வுக் கருவி. கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். ஆகவே முதற் கேள்வி, 'இது தொண்டையில் சிக்குமா?' என்பதே.

பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் இதற்கென ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் உட்குறுக்களவு 31.7 மி.மீ. அடிப்பாகம் சாய்வானது, ஆழம் ஒரு புறம் 25.4 மி.மீ., மறுபுறம் 57.1 மி.மீ. எந்தப் பக்கமாகப் போட்டாலும், அழுத்தாமலேயே ஒரு பொருள் இந்த உருளைக்குள் முழுவதும் அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாத சிறு பொருள் எனக் கொள்வார்கள்.

இந்த உருளைக்கு நீங்கள் கடைக்குப் போகவேண்டியதில்லை. கவராயத்தை 16 மி.மீ. ஆரத்துக்கு விரித்து, ஒரு தடித்த அட்டையில் வட்டம் போட்டு வெட்டி எடுங்கள். 32 மி.மீ. துளை கிடைத்துவிட்டது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ.; அதைவிடச் சற்றே பெரிய துளை இது. பென்சில் போன்ற நீண்ட பொருளும் இதில் நுழையும். ஆகவே நுழைகிற பொருளின் நீளம் 57 மி.மீ.க்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் அங்குலத்துக்கு, மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். துளையில் நுழைந்து, நீளமும் குறைவாக இருந்தால் விலக்கிவிடுங்கள்.

பந்துக்கு விதி இன்னும் கடுமையானது. உருண்டைப் பொருள் தொண்டையின் வளைவோடு சரியாகப் பொருந்தி, காற்றுப் போக இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடும். அதனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரும் பந்தின் குறுக்களவு 44.5 மி.மீ.க்கு மேல் இருக்கவேண்டும் என்பது விதி. மேசைப்பந்தின் குறுக்களவு 40 மி.மீ. தான். எவ்வளவு தீங்கற்றதாகத் தோன்றுகிறது அந்த வெள்ளைப் பந்து! ஆனால் கைக்குழந்தைக்கு அது ஆகாது.

புதிய பொம்மைக்கும் இச்சோதனை உண்டுதானே, பழையதில் என்ன தனிச் சிறப்பு என்று கேட்பீர்கள். புதிய பொம்மையில் கண்ணும் பொத்தானும் சக்கரமும் உறுதியாக ஒட்டியிருக்கும். பழையதில் பசை காய்ந்திருக்கும், நூல் இற்றிருக்கும், ஆணி தளர்ந்திருக்கும். நேற்றுவரை ஒரே பொருளாக இருந்தது இன்று பல சிறு பொருள்களாகப் பிரியக் காத்திருக்கும். ஆய்வுக்கூடங்களில் இத்தகைய உறுப்புகளை 50 முதல் 90 நியூட்டன் வரையுள்ள விசையால் இழுத்துப் பார்ப்பார்கள். 50 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீரைத் தூக்கும் விசை. ஒவ்வோர் உறுப்பையும் அந்த அளவு பலத்தோடு முறுக்கி இழுத்துப் பாருங்கள். பெரியவர் கையோடு வருவது குழந்தையின் பல்லோடும் வரும்.

எங்கள் ரயிலின் சக்கரங்கள் இச்சோதனையில் தேறின. மகிழ்ச்சியோடு எஞ்சினைப் புரட்டிப் பார்த்தோம்.

இரண்டாம் சோதனை: பாடாத பாட்டு

எஞ்சினின் அடியில் மின்கலம் வைக்கும் ஒரு சிறு அறை இருந்தது. அதன் மூடியைப் பிடித்திருக்கவேண்டிய திருகாணி இல்லை. நகத்தால் நெம்பியதும் மூடி திறந்தது. பளபளவென்று நாணயம் போன்ற ஒரு மின்கலம் மேசையில் உருண்டது. அதன் மேல் 2032 என்று பொறித்திருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் குறுக்களவு 20 மி.மீ. என்பதையும், அடுத்த இரண்டும் தடிப்பு 3.2 மி.மீ. என்பதையும் குறிக்கும். புதிதாக இருக்கையில் இந்த லித்தியம் கலம் 3 வோல்ட் மின்னழுத்தம் தரும்.

"செத்துப்போன கலம்தானே, சார்" என்றார் மாணவர். வோல்ட்மீட்டரை எடுத்து அளந்து பார்க்கச் சொன்னேன். முள் 2.6 வோல்ட்டில் நின்றது. பாட்டுப் பாடப் போதாத மின்சாரம். ஆனால் தீங்கு செய்யப் போதும். எப்படி?

ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவும் ஏறக்குறைய இவ்வளவுதான். நாணயத்தையும் இந்தக் கலத்தையும் குழந்தை விழுங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில், உணவுக் குழாயின் குறுகலில், சிக்கக்கூடும். நாணயத்தையும் மருத்துவர்தான் எடுக்கவேண்டும். ஆனால் அது அங்கே சும்மா கிடக்கும். கலம் சும்மா கிடக்காது. உமிழ்நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். கலத்தின் இரு முனைகளுக்கும் நடுவே ஈரத்தசை ஒரு கம்பி போல அமைந்து மின்சுற்றை முடித்துவிடுகிறது. பள்ளியில் படித்த மின்னாற்பகுப்பு குழந்தையின் தொண்டைக்குள் தொடங்கிவிடுகிறது. எதிர்முனையில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனிகளும் உண்டாகின்றன. சோப்பு காய்ச்சப் பயன்படும் காஸ்டிக் சோடாவின் காரத்தன்மைக்குக் காரணமான அதே அயனிகள்தாம் இவை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்வதாக வைத்துக்கொள்வோம். மொத்த மின்னூட்டம் 36 கூலும். பாரடே விதிப்படி 96,500 கூலும் ஒரு மோல் ஹைட்ராக்சைடைத் தரும். ஆகவே 36 கூலும் தருவது சுமார் 0.00037 மோல், அதாவது ஏறத்தாழ 15 மில்லிகிராம் காஸ்டிக் சோடாவுக்குச் சமம். கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் அது ஒரு மில்லிலிட்டர் ஈரத்தில் தேங்கினால் அந்த ஈரத்தின் பி.எச். மதிப்பு 13-ஐத் தாண்டிவிடும். இரண்டே மணி நேரத்தில் தசை கடுமையாக வெந்துபோகலாம் என மருத்துவர்கள் எச்சரிப்பதன் காரணம் இதுதான். நீரை மின்னாற்பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். 'செத்த' கலத்தில் இருந்ததோ அதன் இருமடங்குக்கும் மேல்!

இதைக் கண்ணால் காண ஓர் எளிய சோதனை உண்டு. குழந்தைகள் இல்லாத இடத்தில் பெரியவர்கள் மட்டும் செய்யவேண்டியது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து ஒரு மைஒற்றுத் தாளில் தடவி உலர்த்துங்கள். பிறகு அதை உப்புநீரில் நனைத்து, அதன்மேல் கலத்தை எதிர்முனை கீழாக இருக்குமாறு வையுங்கள். சற்று நேரம் கழித்துக் கலத்தைத் தூக்கிப் பாருங்கள். விளிம்பையொட்டி மஞ்சள் நிறம் குங்குமச் சிவப்பாக மாறியிருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆலத்தி நீர் சிவப்பதை வீட்டு விசேஷங்களில் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே மாற்றந்தான்; சுண்ணாம்பின் வேலையைக் கலம் செய்கிறது. சோதனை முடிந்ததும் கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடாவைச் சுற்றிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

குழந்தை கலத்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திராமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடவேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. ஒரு வயது கடந்த குழந்தையாக இருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளாக இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன், ஆறு முறைவரை, கொடுக்கலாம் என்பது அமெரிக்க நச்சுத் தகவல் மையத்தின் வழிகாட்டுதல். தேன் கலத்தைப் போர்த்திக் காரத்தின் வேகத்தைச் சற்றே தணிக்கும். தேன் தேடுவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக்கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது.

ஆகவே விதி இது: பழைய பொம்மை பாடினாலும் பாடாவிட்டாலும், ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும், அதற்குள் கலம் இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணியால் இறுகப் பூட்டிய மூடி இல்லையேல் அந்தப் பொம்மை வேண்டாம்.

மூன்றாம் சோதனை: காந்தம்

ரயில் பெட்டிகளைக் கோப்பதற்கு வைத்திருந்த காந்தங்களில் ஒன்று தன் குழியில் ஆடிக்கொண்டிருந்தது. விரலால் சுழற்றியதும் கழன்று வந்தது.

நம் காலத்துக்கு முந்திய பொம்மைகளில் இருந்தவை பெரும்பாலும் பெர்ரைட் காந்தங்கள். கரிய சாம்பல் நிறம், மங்கலான மேற்பரப்பு, சாதாரண வலிமை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம் உருவாக்கப்பட்டது. வெள்ளிபோல் பளபளக்கும் நிக்கல் பூச்சு உடையது இது. உளுந்து அளவேயுள்ள துண்டுகூட வியப்பூட்டும் வலிமை கொண்டிருக்கும்.

ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் குடல் வழியே வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால், அதிலும் வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், பேராபத்து. குடல் மடிந்து மடிந்து கிடப்பது. ஒரு மடிப்பில் ஒரு காந்தமும் பக்கத்து மடிப்பில் இன்னொன்றும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து நடுவிலுள்ள குடற்சுவர்களைக் கவ்விக்கொள்ளும். ஈர்ப்பு விசை 1 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிராம் எடை, என்றும், அது 10 சதுர மி.மீ. பரப்பில் அழுத்துகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் 100 கிலோ பாஸ்கல். பெரியவர் ஒருவரின் இதயம் சுருங்கும்போதுள்ள இரத்த அழுத்தமான 120 மி.மீ. பாதரசம் என்பது 16 கிலோ பாஸ்கல்தான். ஆறு மடங்கு அழுத்தம் வெளியிலிருந்து நெருக்கும்போது அந்தச் சிறு இடத்துக்கு இரத்தம் எப்படிப் போகும்? தசை நலிந்து துளை விழுந்துவிடும்.

விதி எளியது. காந்தம் தளர்ந்திருந்தாலோ, அதை மூடிய பிளாஸ்டிக்கில் விரிசல் கண்டிருந்தாலோ, அது குழந்தைக்கு உரியதன்று. கல்லூரிச் சோதனைச் சாலைக்கு உரியது. எங்கள் ரயிலின் காந்தமும் அங்கேதான் இருக்கிறது.

நான்காம் சோதனை: கண்ணுக்குத் தெரியாத ஈயம்

"காந்தத்தையும் கலத்தையும் எடுத்துவிடுகிறேன், சார். உரிந்த பெயிண்டை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, புதுசாக அடித்துவிடுகிறேன்" என்றார் மாணவர். அந்த யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

மஞ்சள் வண்ணத்துக்காக நெடுங்காலம் பயன்பட்டது ஈயக் குரோமேட் என்னும் சேர்மம். பெயிண்ட் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. நம் நாட்டில் வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பொம்மையில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. உலகப் புகழ்பெற்ற பெரிய நிறுவனங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2007-இல் மேட்டல் நிறுவனம், பெயிண்டில் ஈயம் கண்டறியப்பட்டதால், உலகெங்கும் பல இலட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது.

பத்து இலட்சத்தில் 90 என்றால், ஒரு கிராம் பெயிண்டில் 90 மைக்ரோகிராம். அதே ஒரு கிராமில் ஈயம் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால், 10,000 மைக்ரோகிராம்! விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வளரும் உடல் கால்சியத்துக்காக ஏங்குகிறது, ஈயம் கால்சியத்தைப்போல் வேடமிட்டு உள்ளே நுழைகிறது, எலும்பில் தங்குகிறது, மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

பெயிண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஆபத்து ஓரளவு அடங்கிக் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது நுண்ணிய தூளாகி வீடெங்கும் பரவும். தரையில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும். ஆகவே பழைய பெயிண்டைத் தேய்க்காதீர்கள். உரிந்தும் வெடித்தும் இருக்கும் பொம்மையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். ஆய்வுக்கூடங்களில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, ஈய அணுக்கள் திருப்பி உமிழும் தனிக் கதிர்களைக் கொண்டு நொடிகளில் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் நம்மிடமுள்ள ஒரே கருவி நம் எச்சரிக்கைதான்.

ஐந்தாம் சோதனை: வெயில் தின்ற பிளாஸ்டிக்

மொட்டைமாடியில் ஓராண்டு கிடந்த பிளாஸ்டிக் வாளி, ஒருநாள் தூக்கும்போது படாரென்று உடைந்ததை அறிவீர்கள். ஏன்? பிளாஸ்டிக் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. ஒரு கார்பன் பிணைப்பைப் பிரிக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிவப்பு ஒளியின் ஒரு துகளில் 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாகவே உள்ளது. அது எத்தனை காலம் விழுந்தாலும் பிணைப்பு அசையாது. ஆனால் 300 நானோ மீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரின் ஒரு துகளில் 4.1 எலக்ட்ரான் வோல்ட் உண்டு. நம் ஊர் வெயிலில் அத்தகைய கதிர் சிறிதளவாயினும் வருகிறது. அது சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் துணை செய்கிறது. சங்கிலி அறுந்த பிளாஸ்டிக் வளையாது, உடையும். உடைந்தால் கத்திபோன்ற கூர்முனை.

சோதனை: விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்பு போல் வெண்பொடி ஒட்டினால் வேண்டாம். மெல்ல வளைத்துப் பாருங்கள். வெண்கோடுகள் தோன்றினாலோ, சிறு முறிவொலி கேட்டாலோ வேண்டாம். மென்மையான பொம்மை கையில் பிசுபிசுத்தால், அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிகிறது என்று பொருள். தாலேட் எனப்படும் இவ்வகைப் பொருள்கள் சிலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் வரம்பு விதித்தது. அதையும் விலக்குங்கள்.

உருளும் பரிசும் ஆடும் பரிசும்

குழந்தைக்குத் தரும் பெரிய பரிசுகளில் முதன்மையானவை தொட்டில், நடைவண்டி, வாக்கர். இவை கைமாறி வருவது வழக்கம்.

வாக்கர் என்பது குழந்தையை நடுவில் உட்கார வைத்து, கீழே சக்கரங்கள் உருளும் வட்டச் சட்டம். அதில் குழந்தை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூரம்கூடப் போய்விடும். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வாசற்படிக்கு வந்துவிடும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மிதிவண்டியில் சற்று வேகமாகப் போய்ச் சுவரில் மோதுவதற்குச் சமம். கனடா நாடு 2004-இல் இத்தகைய வாக்கர்களின் விற்பனையையே தடை செய்தது. பழையதை விற்பதும் அதில் அடக்கம். ஆகவே வாக்கர் புதியதாயினும் பழையதாயினும் வேண்டாம் என்பதே என் துணிபு.

நம் நடைவண்டியின் கதை வேறு. குழந்தை தன் எடையைத் தன் காலிலேயே தாங்கி, கட்டையைப் பிடித்துத் தள்ளுகிறது. நின்றால் வண்டியும் நிற்கும். மூன்று சக்கரங்களும் அகன்று நிற்பதால் அடித்தளம் அகலமாக இருக்கிறது. பழைய நடைவண்டியில் பார்க்கவேண்டியவை மூன்றே: ஆணி வெளியே நீட்டியிருக்கிறதா, மரச்சிராய் இருக்கிறதா, அச்சில் சக்கரம் அளவுக்கு மேல் ஆடுகிறதா. பெயிண்டு அடிக்காத மரமாக இருந்தால் தாராளமாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம்.

கம்பித் தொட்டிலிலும் மரத் தொட்டிலிலும் இரு கம்பிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருக்கலாகாது. உடல் நழுவிப் போய்த் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில்களை அமெரிக்கா 2011-இல் தடை செய்தது. தேய்ந்த கொக்கிதான் காரணம். இழுக்கும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள். கழுத்தைச் சுற்றும் நீளம் அதற்குத் தேவையில்லை.

தயக்கமின்றி வாங்கக்கூடியவை

இவ்வளவு 'வேண்டாம்'களைச் சொன்னபின், 'வேண்டும்' என்பதையும் சொல்லவேண்டும். எவர்சில்வர் சொப்புகள் காலத்தால் மாறுவதில்லை. கூர்முனை இல்லையென்றால் கொதிநீரில் கழுவிக் கொடுக்கலாம். கெட்டி அட்டைப் படப் புத்தகம், வண்ணமில்லா மரக்கட்டைகள், துணிப் பொம்மை ஆகியவை நல்லவை. துணிப் பொம்மையைச் சோப்புநீரில் ஊறவைத்துக் கசக்கி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக்கைக் கெடுத்த அதே புற ஊதாக் கதிர் இங்கே கிருமிகளைக் கொன்று உதவுகிறது.

அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளைப் பற்றியும் ஒரு சொல். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் மெருகாகப் படியும். உராய்வு வெப்பத்தை இதைவிட அழகாக விளக்கும் பாடம் ஏது? அரக்கோடு சேர்த்த வண்ணம் எது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. பழைய பொம்மையில் அந்த முத்திரை இருந்தால், அது எப்போது செய்யப்பட்டது என்பதற்கும் எந்தச் சோதனைகளில் தேறியது என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைத்ததாகக் கொள்ளலாம். முத்திரை இருந்தாலும், அதன்பின் கழிந்த ஆண்டுகள் செய்த வேலையை நீங்கள்தான் சோதிக்கவேண்டும்.

ரயில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்கு சோதனைகளில் மூன்றில் தோற்ற அது பரிசாகப் போகவில்லை. மாணவரின் முகம் சற்று வாடித்தான் போயிற்று. ஆனால் மறுநாள் அதே கடையின் மூலையிலிருந்து வண்ணமே இல்லாத ஒரு பழைய நடைவண்டியைத் தூக்கி வந்தார். இரண்டு ஆணிகளை மாற்றி, சக்கரத்துக்குப் புது அச்சுப் போட்டு, மரத்தைத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். ஒரு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு எது? "பழசுதான் அக்கா, ஒவ்வோர் ஆணியாகப் பார்த்திருக்கேன்" என்று சொல்லியே கொடுத்தாராம்.

பேச்சு வருமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது புதுத் துணியை அன்று. பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியையோ சேலையையோதான். பழையது குழந்தைக்கு நல்லது என்று தேர்ந்து கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்கள். நாமும் தேர்ந்து கொடுப்போம். முதல் வேலையாக, இன்றே ஓர் அட்டையில் 32 மி.மீ. துளை ஒன்று வெட்டி வையுங்கள்.